கடைசியில் ஒரு காலி வரி

வாசல்காரருக்குத் தன் நினைவின்மேல் இப்போது அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த வாரத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு நாள் இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது. மழை பிடித்தது புதனா வியாழனா, பள்ளிக்குப் போனபோது கையில் குடை இருந்ததா இல்லையா, எல்லாம் கலங்கிக் கிடக்கிறது. ஒன்றை மட்டும் அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அது தொடங்கியது ஒரு திங்கட்கிழமை மாலை, சாப்பாட்டு மேசையில், அவர் மனைவி நான்கு தட்டுகளை எடுத்து வைத்தபோது.

வீட்டில் இருந்ததும் நான்கு பேர்தான். அவர், மனைவி, மனைவியின் தம்பி, ஒன்பது வயது மகள். நான்கு பேருக்கு நான்கு தட்டு வைத்ததில் என்ன தப்பு என்று யாரும் கேட்கலாம். ஆனால் அந்த வீட்டில் எத்தனையோ வருடமாக ஐந்து தட்டுதான் வரும். மனைவி ஏதோ யோசனையில் அலமாரியைத் திறப்பாள், ஐந்தை எடுப்பாள், பரப்பி முடித்த பிறகு ஒன்று மிஞ்சி நிற்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள்.

"விடுக்கா, அது என்னோட ரெண்டாவது ரவுண்டுக்கு" என்பான் தம்பி. பேருந்து ஓட்டுகிறவன், பசி அவனுக்கு எப்போதும் ஒரு நிறுத்தம் முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

காரில் ஏறினால் மகள் தலைகளை எண்ணுவாள். அவள் எண்ணினாலும் ஐந்து வரும். "அஞ்சாவது யாரு மாமா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். துவைத்துக் காயப்போட்ட துண்டுகளில் ஒன்று யாருடையது என்று தெரியாது. பல் துலக்கும் பிரஷ் எப்போதும் ஒன்று கூட வாங்கிவிடுவார்கள். எந்த வீட்டில்தான் இது இல்லை? அது ஒரு வீட்டு வேடிக்கை, அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை நான்கு வந்தது. மனைவி கவனிக்கவில்லை. தம்பியும் கவனிக்கவில்லை. மகள் வழக்கம்போலக் கரண்டியால் தட்டின் விளிம்பில் டக், டக் என்று இரண்டு முறை, சற்று நிறுத்தி இன்னொரு டக் என்று தட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். அது அவளுடைய வழக்கம். கதவோ கார் கண்ணாடியோ அப்பாவின் முதுகோ, அவள் தொட்டால் அப்படித்தான். டக், டக். டக்.

வாசல்காரர் மட்டும் மேசையின் அந்தக் காலியான ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சம் அங்கே வெறும் மரத்தின்மேல் விழுந்தது. மற்ற நாளெல்லாம் அங்கே ஒரு வெள்ளைத் தட்டு இருந்து வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். இன்று மரம் அதை உறிஞ்சிக்கொண்டது போல அந்த மூலை இருட்டாகத் தெரிந்தது.

*

அவரை வாசல்காரர் என்று அலுவலகத்தில் கூப்பிட்டது வேலையை வைத்துத்தான். கணினியில் நாம் பார்க்கும் நிரல்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நிரல்கள் அதனிடம் நேராகப் போக முடியாது. வாசலில் நின்று, குறித்த விதத்தில் கேட்க வேண்டும், குறித்த விதத்தில் பதில் வரும். அந்தக் கேள்வி பதில் முறைகளைக் காப்பதுதான் அவர் வேலை. அங்கே ஒரே ஒரு சட்டம். உள்ளே என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள், ஆனால் நேற்று ஓடிய நிரல் இன்றும் ஓட வேண்டும். உன் திருத்தத்தால் எவனோ ஒருவனுடைய நிரல் உடைந்தால், திருத்தம் எவ்வளவு நியாயமானாலும், அதைத் திரும்ப எடுத்துக்கொள்.

வாசலில் நிரல்கள் கேட்கும் கேள்விகளில் மிகப் பழையது ஒன்று உண்டு. "இப்போது உள்ளே யார் யார் இருக்கிறார்கள்?" கெர்னல் முதலில் எண்ணிக்கையைச் சொல்லும், பிறகு பெயர்களை வரிசையாகத் தரும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அதை எழுதியவர் எங்கோ எண்ணுவதில் ஒன்று பிசகிவிட்டார். எண்ணிக்கை எப்போதும் ஒன்று கூடுதல். பட்டியலின் கடைசியில் பெயரில்லாமல் ஒரு காலி வரி. உலகத்தில் உள்ள நிரல்கள் எல்லாம் அந்தக் காலி வரிக்குப் பழகி, அதைத் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டிருந்தன.

வாசல்காரருக்கு அது பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி. பதினோரு வருடம் நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார்.

"புதுசா ஒரு வாசல் வச்சு அதுல சரியா எண்ணிட்டுப் போயேன் தம்பி. பழசை ஏன் கிண்டுற?" என்றார் சோதனைக்கூடத்து மேடம். அவருக்குப் பணி ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் எந்தத் திருத்தமும் வெளியே போகாது.

"தப்பு தப்புதானே மேடம்."

"இருபத்திரண்டு வருஷம் இருந்துட்டா அது தப்பு இல்ல. அது குடியிருப்பு. எவனோ ஒருத்தன் அதை நம்பி இருப்பான்."

"தேடிட்டேன். நாற்பதாயிரம் நிரல். பத்தொன்பதுதான் சிக்குச்சு. பத்தொன்பது பேருக்கும் எழுதி மாத்தச் சொல்லி, எல்லாரும் மாத்தியாச்சு. ரெண்டு வருஷமா எச்சரிக்கை போட்டு வச்சிருக்கேன். ஒருத்தரும் வாயைத் திறக்கல."

"வாய் இருக்கிறவன்தானே திறப்பான்" என்று சிரித்துக்கொண்டே மேடம் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் திருத்தம் வெளியே போனது அந்தத் திங்கட்கிழமை காலை. நான்கு தட்டு வந்தது அன்று மாலை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவர் ஒன்றும் பைத்தியக்காரர் இல்லை. சேர்க்கவில்லை.

*

செவ்வாய்க்கிழமை ஒரு புகார் வந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. முகவரியும் இல்லை. இரண்டே வரி.

"நாங்கள் இருந்த இடம் திங்கட்கிழமை முதல் இல்லை. திருப்பி வையுங்கள்."

வாசல்காரர் அதைச் சந்தோஷமாகக்கூடப் படித்தார் என்று சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட புகார்கள் வாரத்துக்குப் பத்து வரும். என்ன நிரல், எந்த இயந்திரம், எதைச் செய்தபோது உடைந்தது, ஒன்றும் இருக்காது. அதற்கென்றே ஒரு பதில் எழுதி வைத்திருந்தார், எல்லோருக்கும் அதையே அனுப்புவார். அதையே இந்தப் புகாரின் கீழும் பதிலாகப் போட்டார். "தங்கள் குறை எங்களுக்குப் புரியவில்லை. பழுதைக் கண்ணால் காணும்படி, உங்களால் முடிந்த மிகச் சிறிய உதாரணம் ஒன்றைத் தயார்செய்து அனுப்பவும். உதாரணம் இல்லாமல் மேற்கொண்டு எதுவும் செய்ய இயலாது."

புதன்கிழமை காலை பதில் இருந்தது. ஒரே வரி.

"நான்கு பேர் போதுமா?"

அவர் அதை ஏதோ நான்கு நிரல்களைப் பற்றிச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். போதும் என்று எழுதினார். அப்படித்தான் எழுதினார், அந்த ஒரு சொல்லை. அதில் மட்டும் அவர் நினைவு பிசகவில்லை. அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது.

அன்று மாலை மழைக்கு முந்திய புழுக்கம். சன்னல்கள் திறந்திருந்தும் காற்று உள்ளே வராமல் வெளியே நின்றுகொண்டிருந்தது. குளியலறைக் குழாய் ஒழுகும் சத்தம், தம்பி செருப்பைக் கழற்றி எறியும் சத்தம், மகள் மாடிப்படியில் ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கும் சத்தம் என்று வீடு தன் வழக்கமான சத்தங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்க, அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். மனைவி நான்கு தட்டு வைத்திருந்தாள். நான்கு நாற்காலி. நான்கிலும் ஆள் இருந்தது.

அவர் நின்றுகொண்டிருந்தார்.

மனைவி, தம்பி, மகள் என்று மனதுக்குள் எண்ணினார். மூன்று. நான்காவது நாற்காலியைப் பார்க்கத் திரும்பினால் பார்வை எப்படியோ வழுக்கி மறுபடி மனைவியிடமே வந்து நின்றது. மறுபடி எண்ணினார். மனைவி, தம்பி, மகள். எல்லா நாற்காலியும் நிரம்பித்தான் இருந்தது.

"என்னங்க நிக்கிறீங்க? உக்காருங்க, ஆறிடும்."

"எங்க உக்கார?"

"அத்தானுக்கு இன்னிக்கு ஆபீஸ்ல நாற்காலியைப் பிடுங்கிட்டாங்க போல. இங்க வந்து நம்மகிட்ட கேக்குறாரு" என்றான் தம்பி.

எல்லோரும் சிரித்தார்கள். நான்கு பேர் சிரிக்கும் சத்தம். அவர் சிரிக்கவில்லை.

சமையலறைக்குப் போய் முக்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தபோது ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவருடையது. உட்கார்ந்தார். பலகை சூடாக இருந்தது.

*

வியாழக்கிழமை மழை பிடித்தது. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போன தம்பி எட்டரைக்கே திரும்பி வந்து சோபாவில் விழுந்தான். பணிமனைப் பட்டியலில் அவன் வந்துவிட்டதாக ஏற்கெனவே குறித்திருந்ததாம். அவனுடைய வண்டி அவனில்லாமலே கிளம்பிப் போயிருந்தது.

"ஓட்டுனது யாருடா?" என்றாள் அக்கா.

"நான்தான்னு சொல்றாங்க. கையெழுத்துகூட இருக்கு. என் கையெழுத்து மாதிரியேதான் இருக்கு. மேலாளர் என்னைப் பாத்து, 'நீதான் போயிட்டியே, இங்க என்ன பண்ற'ங்கிறாரு." சொல்லிவிட்டு அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. ஈரச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் பணிமனையிலிருந்து போன். எங்கே போய்விட்டாய், வண்டி நடுவழியில் நிற்கிறது, ஓட்டுநர் இருக்கை காலி.

வாசல்காரர் அன்று முழுதும் அலுவலகத்தில் ஒரு வேலையும் செய்யவில்லை. ஒரு தாளில் வீட்டிலிருந்தவர்களை எழுதினார். நான்கு. அதற்குக் கீழே ஒரு காலி வரி விட்டார். அந்தக் காலி வரியை அடித்தார். அடித்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இருந்தது எங்கே போகும்? அதற்கென்று இருந்த இடத்தை எடுத்தாகிவிட்டது. இனி அது எங்கேயாவது உட்கார வேண்டுமானால் யாராவது ஒருவர் எழுந்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவருடைய போன் அடித்தது. பள்ளி அலுவலக எண். பேசியது மகள். மெல்ல, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுவது போல.

"அப்பா, டீச்சர் என் பேரைக் கூப்பிட்டாங்க. நான் உள்ளேன்னு சொல்றதுக்குள்ள வேற யாரோ சொல்லிட்டாங்க."

"யாரும்மா?"

"தெரியல. எல்லா இடத்திலயும் ஆள் இருக்கு. டீச்சர் எண்ணிப் பாத்தாங்க, முப்பத்தொண்ணு சரியா இருக்குன்னாங்க. நான் கதவுகிட்டயே நின்னேன். காலைல இருந்து. யாரும் என்னைப் பாக்கல."

அவர் ஓடினார்.

*

பள்ளி வாசலில் அவள் மழையில் நின்றிருந்தாள். காரில் ஏறியதும் எண்ணவில்லை. எப்போதும் எண்ணுகிறவள். நனைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைத் துடைக்கும் தடி இப்படியும் அப்படியும் போய் வந்தது.

"அப்பா, நாளைக்கும் என் இடத்துல அது இருக்குமா?"

"இருக்காது. அப்பா போய் இப்பவே சரி பண்ணிடுறேன்."

"நீங்கதான் உடைச்சீங்களா?"

அவர் துடைக்கும் தடியின் வேகத்தைக் கூட்டினார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

வீட்டு வாசலில் நிறுத்தினார். உள்ளே விளக்கு எரிந்தது, மனைவி இருந்தாள். "உள்ள போய் ஈரத்தை மாத்திட்டு அம்மாகூட இரு. எங்கயும் போகாத." மகள் இறங்கி ஓடிப் போய்க் கதவருகே நின்றாள். அவர் வண்டியைத் திருப்பினார். பின்பக்கக் கண்ணாடியில் அவள் கையைத் தூக்குவது தெரிந்தது. கதவைத் தட்டுவதற்காகத் தூக்கிய கை.

கதவு திறப்பதைப் பார்க்கும்வரை அவர் நின்றிருக்கலாம். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. இதைத்தான் அவர் பிற்பாடு எத்தனையோ முறை யோசித்தார்.

அலுவலகத்துக்கு வந்ததும் வீட்டுக்குப் பேசினார். மனைவிதான் எடுத்தாள்.

"குட்டி உள்ள வந்துட்டாளா?"

"இதோ மேசையில உக்காந்திருக்காளே. தம்பியும் இருக்கான். ஏங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. புகாரை இரண்டு முறை படித்தார். "நான்கு பேர் போதுமா" என்ற இடத்தில் விரலை வைத்து மறுபடி ஒருமுறை படித்தார்.

"சட்டப்படி இது போதும். ஒருத்தன் உடைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டான். பழசுக்கே திரும்பிடலாம். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ தம்பி. பழசுக்குத் திரும்பினா பழைய நிலைமை திரும்பி வந்துடும்னு நினைக்காத. இடையில மாறினவன் மாறினவன்தான். நீ இடத்தைத் திருப்பி வைக்கிற. அதுல யார் வந்து உக்காருவாங்கன்னு நீ சொல்ல முடியாது."

"அது அதோட இடத்துக்கே போயிடும் மேடம். அதைத்தானே கேட்டுச்சு."

"திங்கக்கிழமை கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே மேடம் கையெழுத்துப் போட்டார்.

பழைய எண்ணிக்கையை மறுபடி எழுத ஒரு நிமிடம்தான். ஒன்றைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். அதைத் தொகுத்து, சோதித்து, வெளியே அனுப்பத் தயார்செய்யத்தான் நேரம். சோதனைக்கூடத்தில் முப்பது இயந்திரங்கள் ஒரே சமயத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. சூடான தூசியின் வாசனை. வெளியே மழை. மணி நான்காகி ஐந்தாகியது. திரையில் சோதனைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டு வந்தன. நூற்றுப் பன்னிரண்டில் தொண்ணூறு.

ஐந்தேகாலுக்கு மனைவி பேசினாள்.

"என்னங்க, எப்ப வருவீங்க? எனக்கு என்னமோ சரியாப் படல. யாரோ ரொம்ப நேரமா கதவைத் தட்டுறாங்க."

"யாரு?"

"தெரியல. சின்னப் பொண்ணு குரல் மாதிரி இருக்கு. அம்மா அம்மாங்குது. யார் வீட்டுப் பிள்ளையோ."

"கதவைத் திற."

"எப்படிங்க திறக்கிறது? நாமதான் எல்லாரும் உள்ள இருக்கோமே. எண்ணிப் பாத்துட்டேன். நான், தம்பி, குட்டி."

"குட்டி அங்க இருக்காளா? உன் பக்கத்துலயா? அவகிட்ட குடு."

"பேசமாட்டேங்குறா. வந்ததுல இருந்தே பேசல. சும்மா கதவையே பாத்துக்கிட்டு இருக்கா." மனைவியின் குரல் தாழ்ந்தது. "சிரிச்சுக்கிட்டு."

அப்போது அவருக்குக் கேட்டது. போனில், தூரத்தில், மழைச் சத்தத்துக்குள்ளே.

டக், டக்.

டக்.

"திற!" என்று கத்தினார். "அதுதான் குட்டி! வெளிய நிக்கிறவதான் நம்ம பொண்ணு! திறடி கதவை!"

"என்ன உளர்றீங்க? குட்டி இங்க இருக்கா. தம்பி, இவர் என்னமோ சொல்றார்டா..."

டக், டக். டக். மெதுவாக. களைத்துப்போன கை.

தொண்ணூற்றாறு. மேடம் அவர் தோளைப் பிடித்தார். "பொறு தம்பி. முதல்ல வீட்டுக்குப் போ. போய் அவளை உள்ள கூட்டிக்கிட்டு வா. அப்புறம் இதை அனுப்பலாம்."

வீடு நாற்பது நிமிடம். மழையில் ஒரு மணி நேரம். அவர் கண்முன் இருந்தது ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் அது போய்விடும். போய்விட்டால் நாற்காலி காலியாகும். காலியானால் மனைவி பார்ப்பாள். பார்த்தால் திறப்பாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

அழுத்தினார்.

போனில் டக், டக்.

அடுத்தது வரவில்லை.

காத்திருந்தார். மழை. மனைவியின் மூச்சு. எங்கோ ஒரு கரண்டி கீழே வைக்கப்படும் சத்தம்.

"நின்னுடுச்சு" என்றாள் மனைவி. "போயிட்டாங்க போல."

"நாற்காலி?"

"எந்த நாற்காலி?"

"குட்டி உக்காந்திருந்த நாற்காலி. யார் இருக்கா அதுல?"

"குட்டிதான் இருக்கா. வேற யாரு இருப்பா?"

*

வீட்டு வாசலில் பள்ளிப் பை கிடந்தது. நனைந்து ஊதியிருந்தது. தெருவிலிருந்து சேற்றுக் காலடிகள் கதவுவரை வந்திருந்தன. சின்னக் காலடிகள். அதே இடத்தில் மாறி மாறி நின்று ஒரு வட்டமே குழைந்து கிடந்தது. திரும்பிப் போன காலடி ஒன்றுகூட இல்லை. கதவில், அவர் இடுப்பு உயரத்தில், வண்ணம் தேய்ந்து ஈரமாக ஒரு வட்டம்.

உள்ளே மேசையில் ஐந்து தட்டு இருந்தது.

"பாருங்க, பழைய புத்தி திரும்பிடுச்சு எனக்கு" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"விடுக்கா" என்றான் தம்பி. "அது என் ரெண்டாவது ரவுண்டுக்கு."

மகளின் நாற்காலியில் மகளின் தலைமுடியும் மகளின் சீருடையும் இருந்தன. சீருடை காய்ந்திருந்தது, ஒரு சொட்டு நனையாமல். எல்லோரும் கரண்டியை எடுக்கும்வரை அது காத்திருந்தது. எல்லோரும் எடுத்த பிறகு, எல்லோரும் பிடிப்பது போலவே பிடித்து, எடுத்தது. தட்டின் விளிம்பைத் தொடவே இல்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஒரு கடிதம் இருந்தது. அனுப்பியவர் இடம் காலி.

"எங்களுக்குச் சரியாகிவிட்டது. நன்றி. உதாரணம் உங்களிடமே இருக்கட்டும்."

*

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. மேடம் பணி ஓய்வு பெற்று மகனோடு வேறு ஊரில் இருக்கிறார். வாசல்காரர் போன் செய்தால் எடுப்பதில்லை. தம்பி பேருந்து ஓட்டுவதை விட்டுவிட்டு ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான், கல்யாணமாகித் தனியாகப் போய்விட்டான். மனைவி நன்றாக இருக்கிறாள். அவளுக்கு நினைவிருக்கும் ஒரே விஷயம், அன்று யாரோ ஒரு பிள்ளை வெகுநேரம் கதவைத் தட்டியது என்பதுதான். மழை பிடித்தால் அதைச் சொல்லி வருத்தப்படுவாள். அந்த நாற்காலியில் இருப்பது பதினைந்து வயதுப் பெண்ணாக வளர்ந்திருக்கிறது. நன்றாகப் படிக்கிறது. எந்தக் கதவையும் தட்டாது, திறக்கும்வரை நிற்கும்.

வாசல்காரர் இன்னும் அதே வேலையில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது ஒரு புது ஆள் வந்து, பட்டியலின் கடைசியில் இருக்கும் அந்தக் காலி வரி அபத்தம், ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம் என்பார். அவர் ஒரே பதிலைத்தான் எழுதுகிறார். "ஒருவர் அதில் இருக்கிறார்." அதை அவர்கள் ஏதோ வாடிக்கையாளர் என்று புரிந்துகொள்கிறார்கள். அவரும் எத்தனையோ முறை அந்தக் கோப்பைத் திறந்து ஒன்றைக் கழிக்க விரலைக் கொண்டுபோயிருக்கிறார். கழித்தால் மகள் வெளியே வருவாள். வந்து எந்த வீட்டுக் கதவின் முன்னால் நிற்பாள் என்றுதான் தெரியவில்லை.

இப்போது மாலையில் தட்டுகளை எடுத்து வைப்பது அவர்தான். மேசையில் மூன்று பேர், நான்கு தட்டு. நான்காவதில் கரண்டியும் வைக்கிறார். யாரும் வந்து உட்காருவதில்லை. மனைவி பேசிக்கொண்டிருப்பாள், அது கேட்டுக்கொண்டிருக்கும். அவர் சாப்பிடாமல் காத்திருப்பார். பிறகு, யாரும் தொடாமலே, காலித் தட்டின் விளிம்பில், டக், டக்.

அது தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்க்கும். பார்த்துச் சிரிக்கும்.

டக்.